கல்லாய்ப் போன வீட்டில் குடித்தனம்

பட்டணத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த அனுபவமுள்ள நேயர்களுக்கு இந்த வாரத்து விஷயம் எளிதில் விளங்கிவிடும். காலி வீடு என்று ஒன்று அகப்படுவதேயில்லை. தப்பித் தவறி அகப்பட்டாலும், முன்கட்டில் ஒரு குடித்தனம், பின்கட்டில் ஒரு குடித்தனம், மாடிப்படிக்குக் கீழே மற்றொன்று என்று ஏற்கெனவே ஆட்கள் நிறைந்திருப்பார்கள். யார் முந்தி வந்தவர், யார் பிந்தி வந்தவர், யாருடைய கொடியில் யார் துணி உலர்த்துவது என்ற வழக்குகளுக்கும் குறைவிராது.

இந்தச் சங்கடம் நம்முடைய காலத்தில் தோன்றியது என்று யாரும் எண்ண வேண்டாம். சுமார் 39 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், கடலடியில், இரண்டங்குல அகலமே உள்ள ஒரு சிப்பியின் முதுகின்மேல் இதே நெருக்கடி இருந்தது. வீட்டுக்காரரும் குடித்தனக்காரர்களும் சேர்ந்தே கல்லாய்ச் சமைந்துவிட்டபடியால், அந்த வழக்கு விவரங்களை இன்றும் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கலாம். அவ்வாறு படித்தவர்கள் ஒரு சமயம் ஒரு குடித்தனக்காரரின் பெயரைத் தவறாக எழுதிவிட்டார்கள். அந்தத் தவற்றினால் காட்டையும் சதுப்பு நிலத்தையும் கடல் சூழ்ந்ததாகக் கணக்கு எழுதப்பட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். நாம் கடற்கரையில் பொறுக்கும் மட்டிக்கும் கிளிஞ்சலுக்கும் வலப்புறம் ஓர் ஓடு, இடப்புறம் ஓர் ஓடு என்று இரண்டு உண்டு. பெரும்பாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று பிரதிபிம்பம் போல் இருக்கும். நான் சொல்லும் பிராணிக்கும் இரண்டு ஓடுகள் உண்டு. ஆனால் அவை மேலும் கீழுமாய் அமைந்தவை. மேலோடு ஒரு வடிவம், கீழோடு வேறொரு வடிவம். பழைய ரோமாபுரியார் ஏற்றிய எண்ணெய் விளக்கைப் போல் சில இனங்கள் காணப்படுவதால், இவற்றை விளக்குச் சிப்பி என்று மேனாட்டார் அழைப்பர். சாஸ்திரப் பெயர் பிராக்கியோபாட். பெயர் சிப்பியானாலும் கிளிஞ்சலுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஓட்டுக்குள்ளே மெல்லிய மயிர் வைத்த ஒரு கைவிரிப்பு இருக்கிறது. அந்த மயிர்கள் இடைவிடாமல் அசைந்து கடல் நீரை உள்ளே இழுத்து, அதில் மிதக்கும் நுண்ணிய உணவை வடிகட்டிக் கொடுக்கின்றன. இருந்த இடத்தைவிட்டு நகராமலே சாப்பாடு வந்துவிடும் ஜாதி இது. இன்று உலகக் கடல்களில் இவற்றில் சுமார் 400 இனங்களே எஞ்சியுள்ளன. ஆனால் கல்லில் பதிந்து அறியப்பட்டவையோ பன்னிரண்டாயிரத்துக்கும் மேல்.

இனி, இதன் முதுகின்மேல் மற்றவர்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை? பண்டைக் கடலின் அடித்தளம் பல இடங்களில் வெறும் சேறு. நகராமல் ஒட்டிக்கொண்டு வாழும் சிறு பிராணிகளுக்குச் சேற்றில் கால் ஊன்ற இடமில்லை. இளமையில் நீரில் மிதந்து வரும் அவற்றின் குஞ்சுகள், கெட்டியான ஒரு தளத்தைக் கண்டு இறங்கினாலன்றி உயிர் தரிக்க முடியாது. பரந்த சேற்று வெளியில் அங்கங்கே கிடந்த விளக்குச் சிப்பிகளே அவற்றுக்கு மேட்டு நிலம். வெள்ளக்காட்டின் நடுவே தென்படும் கோயில் மண்டபம் போல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் ஸில்வேனியா என்ற ஊருக்கருகே, கல் வெட்டும் பள்ளங்களில், டெவோனியக் காலத்துச் சேறு களிக்கல்லாய் இறுகிக் கிடக்கிறது. அங்கே பாராஸ்பிரிஃபர் என்னும் பருத்த விளக்குச் சிப்பி அகப்படுகிறது. நடுவில் உயர்ந்த மடிப்பும் இருபுறமும் விசிறி போன்ற வரிகளும் கொண்டது. கந்தகமும் இரும்பும் கலந்த தாது சில சிப்பிகளின் மேல் படிந்து பொன்னிறம் காட்டுவதும் உண்டு. இதன்மேல் குடியேறிய பிராணிகளைப் பற்றி மட்டுமே 1980-ஆம் ஆண்டில் மிச்சிகன் சர்வகலாசாலை ஒரு தனி ஆராய்ச்சி நூலை வெளியிட்டது என்றால், குடித்தனக் கூட்டம் எவ்வளவு என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சிலரை அறிமுகம் செய்து வைக்கிறேன். கிளை கிளையாய்ப் படரும் கொடிபோல், எக்காளம் போன்ற குழல்களைக் கோத்துக்கொண்டு செல்வது ஆலோபோரா என்னும் பவளம். சல்லடைத் துணியை ஒட்டியதுபோல் நுண்ணிய துளைகளுடன் பரவுவது பிரையோசோவா என்னும் பாசிப்பிராணிகளின் கூட்டுக் குடும்பம். ஒவ்வொரு துளையும் ஒரு ஜீவன் இருந்த அறை. வளையம் வளையமாய் வரியிட்ட கூம்புக் குழல் கார்னுலைட்டிஸ். ஒற்றை ஓட்டைத் தொப்பிபோல் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது விளக்குச் சிப்பி ஜாதியிலேயே ஒரு சிறு இனம். பெரிய வீட்டின் மேல் சின்ன வீடு கட்டிக்கொண்ட உறவினர். கடைசியாக, கடுகளவே உள்ள ஒரு சுருள் குழல். ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ அகலமுள்ள இந்தச் சுருளை நேயர்கள் மறக்க வேண்டாம். நம் கதாநாயகர் இவர்தான்.

வீடு, நிலம் வாங்குவோர் முதலில் வில்லங்கம் பார்ப்பார்கள் அல்லவா? அதேபோல் இந்தச் சிப்பிகளுக்கும் வில்லங்கம் பார்க்கும் முறை ஒன்று உண்டு. முதற் கேள்வி: இவர்கள் குடிவந்தபோது வீட்டுக்காரர் உயிரோடிருந்தாரா? ஓட்டின் உட்புறத்தில் ஏதாவது ஒட்டியிருந்தால் சந்தேகமேயில்லை. சொந்தக்காரர் காலமாகி, கதவு திறந்து கிடந்த பிறகு வந்தவர்களே அவர்கள். இரண்டு ஓடுகளும் சந்திக்கும் விளிம்பைத் தாண்டி, மேலோட்டையும் கீழோட்டையும் சேர்த்து ஒட்டினாற்போல் பாசிப்பிராணி படர்ந்திருந்தாலும் அதே தீர்ப்புதான். உயிருள்ள சிப்பி தன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டுமே! மாறாக, படர்ந்து வந்தது விளிம்பருகே வந்ததும் நின்றுவிட்டிருந்தாலோ, குழலைச் சுற்றி வீட்டுக்காரரின் ஓடே கோணிக்கொண்டு வளர்ந்திருந்தாலோ, இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள் என்று துணிந்து சொல்லலாம். விளக்குச் சிப்பி தன் ஓட்டை விளிம்பில் வரி வரியாகச் சேர்த்து வளர்ப்பது. ஆகவே எந்த வரியில் குடித்தனம் தொடங்கியது என்பதைக் கொண்டு, வீட்டுக்காரர் இளைஞராய் இருந்தபோதா, முதியவரான பின்பா என்பதைக் கூடச் சில சமயம் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாம் கேள்வி: குடித்தனக்காரர்களுள் முந்தியவர் யார்? ஒருவர்மேல் ஒருவர் ஏறியிருப்பதைக் கொண்டு இது தெரியவரும். கீழே இருப்பவர் முந்தியவர். அதிலும் ஒரு நயம் இருக்கிறது. பாசிப்பிராணி ஒரு குழலைச் சுற்றி வளைத்து, அதன் வாயை மட்டும் மூடாமல் விட்டிருந்தால், அப்போது குழலுக்குள் இருந்தவர் உயிருடன் இருந்து தம் வாசலைக் காத்துக்கொண்டார் என்று பொருள். வாயையும் மூடிவிட்டிருந்தால் அங்கே ஆள் இல்லை. அல்லது ஆள் தோற்றுவிட்டார். டெரெக் ஏகர் என்னும் ஆங்கிலேயப் பூகர்ப்ப சாஸ்திரி டெவோனியக் காலத்து ஒரு விளக்குச் சிப்பியின் மேல் குடியேறியவர்களை இப்படி வரிசைப்படுத்தி 1961-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, இத்துறையில் இன்றும் பெயர் சொல்லப்படுவது.

மூன்றாம் கேள்விதான் மிகவும் தர்மசங்கடமானது. உயிருள்ள வீட்டுக்காரரோடு வாழ்ந்தவர் விருந்தாளியா, திருடரா? சீனதேசத்து யுன்னான் மாகாணத்தில் சுமார் 51 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கேம்பிரியக் காலத்துப் பாறைகளிலிருந்து எடுத்த நியோபோலஸ் என்னும் விளக்குச் சிப்பிகளை ஆராய்ந்து 2020-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அச்சிப்பிகளின் மேல் சிறு குழல்கள் ஒட்டியிருந்தன. குழல்களின் வாய்கள் மனம்போனபடி திரும்பியிருக்கவில்லை. சிப்பி நீரை இழுக்கும் விளிம்பை நோக்கியே ஒழுங்காய் வரிசை பிடித்திருந்தன. மற்றொரு கணக்கும் எடுத்தார்கள்: குழல்கள் ஒட்டாத சிப்பிகளைக் காட்டிலும் ஒட்டிய சிப்பிகள் உடல் சிறுத்திருந்தன. பந்தியில் நம் இலைக்கு வரும் பட்சணத்தைப் பக்கத்தில் இருப்பவர் வழியிலேயே கைநீட்டி வாங்கிக்கொண்டிருந்தால் நம் உடம்பு எப்படித் தேறும்? ஒட்டி வாழ்ந்து வீட்டுக்காரருக்கு நஷ்டம் விளைவித்தவர்களைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சாட்சியங்களுள் இதுவும் ஒன்று. ரத்தமும் சதையும் மறைந்து அரைநூறு கோடி ஆண்டுகள் சென்றபின், குழலின் வாய் திரும்பியிருந்த திசை ஒன்றே காட்டிக் கொடுத்துவிட்டது.

இப்போது நம் கதாநாயகரிடம் வருவோம். கடுகளவுள்ள அந்தச் சுருள் குழலை ஆர்டோவிஷியக் காலத்தின் பிற்பகுதி முதற்கொண்டு, அதாவது சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து, பாறைகளில் காணலாம். இன்றும் மேனாட்டுக் கடற்கரைகளில் பாறையின் மேலும் கடற்பாசியின் இலைமேலும் ஏறக்குறைய அதே அளவில், அதே சுருளில், வெண்ணிறக் குழல் கட்டி வாழும் ஒரு புழு உண்டு. 1800-ஆம் ஆண்டிலேயே அதற்கு ஸ்பைரார்பிஸ் என்று நாமகரணம் ஆகிவிட்டது. கல்லில் கண்ட சுருளையும் கரையில் கண்ட சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், இரண்டும் ஒன்றே என்று முடிவு செய்தார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிய கதைதான்.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். ரோடெரிக் மர்ச்சிஸன் என்னும் பிரசித்தி பெற்ற பூகர்ப்ப சாஸ்திரி நிலக்கரிக் காலத்துச் சுருள் ஒன்றுக்கு 1839-ஆம் ஆண்டில் மைக்ரோகாங்கஸ் என்று தனிப் பெயரே இட்டிருந்தார். சிறு சங்கு என்று அதற்குப் பொருள். காங்கஸ் என்ற கிரேக்கச் சொல்லும் சங்கம் என்ற வடசொல்லும் உறவுடையவை என்பது மொழியறிஞர் கருத்து. நாமும் அதைக் குறுஞ்சங்கு என்றே அழைக்கலாம். ஆனால் பின்வந்தவர்கள் அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டு, குறுஞ்சங்கைப் புழுவின் குடும்பத்திலேயே சேர்த்து எழுதிவந்தார்கள்.

பெயர்தானே, போனால் போகிறது என்று தோன்றலாம். விளைவைக் கேளுங்கள். நிலக்கரிக் காலம் என்பது சுமார் 36 கோடி முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அக்காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் அமெரிக்கக் கண்டத்திலும் பிரம்மாண்டமான சதுப்பு நிலக் காடுகள் செழித்திருந்தன. அவை மக்கிப் புதைந்தே நிலக்கரியாயின. அந்த அடுக்குகளில் இந்தச் சுருள்கள் ஏராளம். இங்கிலாந்தில் ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லுக்கு ஸ்பைரார்பிஸ் கல் என்றே பெயர் வழங்கிற்று. கனடாவில் ஜாகின்ஸ் என்னும் கடற்கரைக் குன்றுகளில் கல்லாய்ப் போன செடிகளின் மேலேயே சுருள்கள் ஒட்டியிருந்தன. இன்று வாழும் ஸ்பைரார்பிஸ் கடல்நீரில் மட்டுமே உயிர் தரிக்கும் புழு. ஆகவே சுருள் இருந்த இடத்தில் உப்பு நீர் இருந்திருக்க வேண்டும் என்று வாதிப்பதற்கு இடம் ஏற்பட்டுவிட்டது. காடும் குட்டையும் நன்னீர் ஏரியும் இருந்த நிலத்தில், கடுகளவு சாட்சியை நம்பிக் கடலை வரவழைத்தார்கள். சாட்சி பொய் சொல்லவில்லை. சாட்சியின் பெயரைக் குமாஸ்தா தவறாகப் பதிவு செய்துவிட்டார்.

தவறு எப்படி வெளிப்பட்டது? வெளித்தோற்றத்தை விட்டு, குழலின் சுவரை அறுத்து உள்ளே பார்த்தபோதுதான். 1977-ஆம் ஆண்டில் இரு அறிஞர்கள், இது புழுவன்று, ஒட்டி வாழும் நத்தையாகலாம் என்று ஐயம் கிளப்பினார்கள். 1991-ஆம் ஆண்டில் குறுஞ்சங்குகளுக்கென்றே ஒரு தனி வரிசை வகுக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டில் லண்டன் இயற்கைப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த பால் டெய்லரும், எஸ்டோனியா தேசத்து டார்ட்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஓலெவ் வின்னும் சேர்ந்து விஷயத்தைத் தெளிவாக எடுத்து வைத்தார்கள். புழுவின் குழல் பிறக்கும்போதே இரு பக்கமும் திறந்த குழலாகத் தொடங்குகிறது. குறுஞ்சங்கோ மூடிய ஒரு சிறு குமிழாகத் தொடங்கிப் பிறகே குழலாய் நீள்கிறது. குறுஞ்சங்கின் சுவர் ஏட்டுச் சுவடி போல் மெல்லிய தகடுகள் அடுக்கி அமைந்தது. பல இனங்களில் அந்தத் தகடுகளை ஊடுருவி நுண்ணிய துளைகள் செல்கின்றன. புழுவின் சுவரில் இந்த அமைப்பு கிடையாது. கட்டடத்தின் முகப்பு ஒன்றாயிருந்தாலும், கொத்தனார் வேறு என்பது செங்கல் அடுக்கியிருக்கும் விதத்தில் தெரிந்துவிட்டது.

காலக் கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. குறுஞ்சங்கு வம்சம் ஆர்டோவிஷியத்தில் தோன்றி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் வாழ் உயிர்களில் மிகப் பெரும்பாலானவற்றை மாய்த்த பேரழிவையும் தாண்டி, ஜுராஸிக் காலத்தின் நடுவில், சுமார் பதினாறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், அற்றுப்போயிற்று. உண்மையான ஸ்பைரார்பிஸ் புழுக்கள் தலைகாட்டுவது அதற்கும் பிறகு வந்த கிரேட்டேசியஸ் காலத்தில்தான். இருவரும் ஒருவரையொருவர் கண்டதேயில்லை. ஒரே தொழிலைச் செய்தமையால் ஒரே உடையை அணிந்துகொண்டார்கள், அவ்வளவே.

குறுஞ்சங்கு புழுவன்று என்றானதும் ஸ்பைரார்பிஸை வைத்துச் செய்த கடல் வாதம் நிற்க இடமில்லாமல் போயிற்று. குறுஞ்சங்குகள் கடலில் தோன்றினவெனினும், டெவோனியக் காலம் முதல் உப்புக் குறைந்த கழிமுகங்களிலும் நன்னீரிலும் குடியேறின என்று இப்பொழுது அறிகிறோம். சதுப்பு நிலத்துச் செடியின் இலைமேல் ஒரு சுருள் ஒட்டியிருந்தால், அங்கே கடல் புகுந்தது என்று சொல்ல வேறு சாட்சி வேண்டும்.

அப்படியானால் இந்தச் சுருள் யார்? குழல் சுவரின் அடுக்கையும் துளைகளையும் கொண்டு, மயிர்க் கைவிரிப்பால் உணவு வடிகட்டும் பிராணிகளின் பெருங்குலத்தைச் சேர்ந்தது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். அந்தக் குலத்தில் பாசிப்பிராணிகள் உண்டு. விளக்குச் சிப்பிகளும் உண்டு! யாரோ அன்னியன் என்று நூறு வருஷத்துக்கு மேலாகக் கணக்கில் எழுதி வந்த குடித்தனக்காரர், கடைசியில் வீட்டுக்காரருக்கே தூரத்துப் பங்காளியாய் வந்து நிற்கிறார்.

அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பக்கத்துப் பூமியிலும் கிரேட்டேசியஸ் காலத்துக் கடலின் அடுக்குகள் உள்ளன. அங்கே கிடைத்த விளக்குச் சிப்பிகளை ஃபெர்டினண்ட் ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் 1872-ஆம் ஆண்டிலேயே விவரித்து நூலாக்கினார். அக்காலத்துச் சிப்பி ஒன்றின்மேல் ஒரு சுருள் குழல் ஒட்டியிருக்கக் கண்டால், அது குறுஞ்சங்காக இராது என்று நேயர்கள் இனிமேல் தாமே சொல்லிவிடலாம். அந்த வம்சம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். கல்லாய்ப் போன சிப்பி ஒன்று குழந்தைகள் கையில் அகப்பட்டால், நம் வீடுகளில் முதற் காரியமாக அதைத் தேய்த்துக் கழுவி, அழுக்கெல்லாம் போகச் சுரண்டி, பளபளப்பாக அலமாரியில் வைப்போம். தயவுசெய்து அதற்கு முன் ஒரு தடவை பூதக்கண்ணாடியால் பார்த்துவிடுங்கள். அழுக்கு என்று நாம் சுரண்டப் போவது, யாருக்கு எந்த இடம் சொந்தம், யார் முந்தி வந்தார், யார் யாருடைய சாப்பாட்டைப் பறித்தார் என்று எழுதி வைத்த பத்திரமாக இருக்கக்கூடும். அதைச் சுரண்டிவிட்டால் வேறு நகல் கிடையாது.